அண்ணனுக்கு அளவெடுத்த கோட்டு

கதவச் சாத்திட்டாங்க. நாப்பது வருசம் நான் படுத்து எந்திரிச்ச ரூம்பு, நான் கூட்டிப் பெருக்குன தரை, உள்ள என் புருசன், வெளிய நான். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா, நாங்க ஆம்பளைங்க பாத்துக்கிடுதோம்"னு சவப்பெட்டி கொண்டாந்த பெட்டிக்காரர் சொன்னாரு. நான் பாக்காத என்னத்த இவரு பாத்துரப் போறாரு. மூணு மாசமா மூத்திரப்பை மாத்துனது யாரு, இவரா? ஆனாலும் வந்துட்டேன். சொன்னா வந்துருதேன். வா, போ, உக்காரு, எந்திரி, முந்தாநேத்துலருந்து எனக்கு யாரு சொன்னாலும் காலு கேட்டுருது. கதவுக்கு நேரா ஒரு பிளாஸ்டிக் சேரப் போட்டு உக்கார வச்சிருக்காங்க, அதுல ஒரு காலு நொண்டி. மடியில அவுக சாரம், நீலக் கட்டம் போட்ட லுங்கி. கதவச் சாத்துததுக்கு முன்னால உருவி வெளிய எறிஞ்சாங்க, எங்கால்ல வந்து விழுந்துச்சு, எடுத்துச் சுருட்டி முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டேன். சில்லுன்னு இருக்கு. ஒன்றரை நாளு குளிர்பெட்டிக்குள்ள கிடந்த சாரம்லா. மகன் எட்வின் தோஹாவுலருந்து வந்து சேருற வரைக்கும் அவுகளக் குளிர்பெட்டியில வச்சிருந்தோம், அதுவரைக்கும் இந்தச் சாரமும் ஒரு வெள்ளச் சட்டையுந்தான். நான்தான் உடுத்தி விட்டேன். கழுத்துப் பட்டன போடல. யாரும் ஒண்ணும் கேக்கல, மகன் வரட்டும்னு இருந்தாங்க. மகன் வந்துட்டான். இப்ப உள்ள கோட்டு போடுதாங்க. கல்யாணக் கோட்டு. போடக்கூடாதுன்னு அவுக சொன்னாக, நான் சரின்னேன். அதத்தான் இப்ப எந்திரிச்சுப் போயிக் கதவத் தட்டிச் சொல்லணும். மூணேகால்தான் ஆகுது. பாஸ்டர் ஐயா நாலு மணிக்குத்தான வாராக. இன்னும் நேரம் கிடக்கு.

நம்ம சபையில அப்படித்தான், ஆம்பளையன்னா கல்யாணக் கோட்டு, பொம்பளையன்னா கல்யாணச் சேல, அதோடதான் அடக்கம் பண்ணுவாங்க. ஆண்டவர் முன்னால நிக்கணும்லா, நல்ல உடுப்போட நிக்கணும். இது இவுகளுக்கு ஆகவே ஆகாது. "ஏன், ஆண்டவர் என்னய வேலைக்கு எடுக்கவா கூப்பிடுதாரு? ரிட்டயர்டு ஆளுட்டி நான்"ம்பாக. எல்லாத்துக்கும் ஒரு கேலி. போன வியாழக்கெழம மத்தியானம் ஆஸ்பத்திரியில கஞ்சி ஊட்டிக்கிட்டு இருக்கேன், மூணாவது கரண்டியில வாய மூடிக்கிட்டாக. கண்ணு மட்டும் என்னயப் பாக்கு. "ரத்னம், ஒண்ணு சொல்லுதேன், கேலியில்ல. என்னய அந்தக் கோட்டுக்குள்ள மட்டும் ஏத்திராத. சாரத்தக் கட்டி அனுப்பிரு. அங்கன போயும் கைய மடக்க முடியாம நிக்கணுமா." நான் சரின்னேன். வாயத் தொடச்சி விட்டேன். "சத்தியமா?"ன்னாக. "சரிங்கேன்லா, குடிங்க"ன்னேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் குடிச்சாக, ரெண்டு கரண்டி. சத்தியம்னு நான் சொல்லல, சரின்னுதான் சொன்னேன், இப்ப அதப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கேன் பாரு, கூறுகெட்ட மனசு. சரின்னா சரிதான. காலம்பற எட்வின் டிரங்குப் பொட்டியத் தெறந்து பாச்சா உருண்ட வாசத்தோட அந்தக் கோட்ட எடுக்கும்போதே சொன்னேன். "ஏய்யா, அப்பா வேண்டாம்னு சொன்னாக." "என்னம்மா வேண்டாம்னாக?" "கோட்டு. சாரம் போதும்னாக." அவன் சிரிச்சான். பயணக் களப்புல கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு, அதோட சிரிச்சான். "அப்பா எதத்தாம்மா வெளையாட்டாச் சொல்லல?" ஆபரேசன் தேட்டருக்குள்ள போறப்போ டாக்டர்ட்ட "பீஸ் கட்டை போயிருக்கும், மாத்திப் பாருங்க"ன்ன கரண்டு ஆபீசு மனுசன். கேலியில்லன்னு சொன்னதயும் கேலின்னுதான் எடுத்துக்கிடுவாங்க. நாப்பது வருசமாச் சிரிக்க வச்சி, கடைசியில ஒத்தச் சொல்லு நெசமாச் சொன்னாக. அது என் ஒருத்தி கையிலதான் இருக்கு.

உள்ள என்னவோ இழுக்குற சத்தம். கட்டிலு நகருது. "புடிங்க, புடிங்க, அந்தக் கைய", அது பெரியத்தான் குரலு. சாலமோன் அத்தான், என் புருசனுக்கு நேர் அண்ணன். அவுகதான் காலையிலயே சத்தம் போட்டாக, "கோட்டில்லாம எப்படி அடக்கம் பண்ண? ஊரு காறித் துப்பாதா? நம்ம என்ன கதியத்தவங்களா?"ன்னு. எனக்கு அந்த நேரம் சிரிப்பு வந்துட்டு, ஆண்டவரே, எழவு வீட்ல சிரிப்பு வந்தா யாரு நம்புவா, முந்தானைய வாயில வச்சுக்கிட்டேன், அழுதேன்னு நெனச்சாங்க. ஏன்னா அந்தக் கோட்டு இவுகளுக்குத் தச்சதே இல்ல. சாலமோன் அத்தானுக்குத் தச்சது. கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது எங்கப்பா துணி எடுத்தாச்சு, தூத்துக்குடியில பெரிய கடை, காப்பித்தூள் கலரு. மாப்பிள்ளைக்குக் கோட்டு பொண்ணு வீட்டுச் செலவுதான. அளவு குடுக்க மாப்பிள்ளைய அனுப்புங்கன்னு அப்பா ஆளு அனுப்புனாக. அந்த வாரந்தான் சூறக்காத்து அடிச்சு நம்ம பக்கத்துல பாதி போஸ்டு சாஞ்சு கிடந்துச்சு. இவுக கரண்டு ஆபீசுல லைன்மேன், பதினோரு நாளு வீட்டுக்கே வரல, எந்தக் காட்டுல எந்தப் போஸ்டு மேல இருக்காகன்னு தெரியாது. இவுக வீட்ல என்ன செஞ்சாங்க, அண்ணன் உடம்பும் தம்பி உடம்பும் ஒண்ணுதானன்னு சாலமோன் அத்தானப் பஸ் ஏத்தி அனுப்பிட்டாங்க. அவுக போயி நெஞ்ச நிமித்தி நின்னு, தோளு, கை, இடுப்பு எல்லாம் குடுத்துட்டு, எங்கப்பா வாங்கிக் குடுத்த புரோட்டாவயும் தின்னுட்டு வந்துட்டாக. ரெண்டு பேரும் ஒரே உயரம், நெசந்தான். ஆனா அத்தான் பள்ளிக்கூடத்துல கிளார்க்கு. இவுக போஸ்டு ஏறுத ஆளு. தலைக்கு மேல கைய நீட்டி வேலை செஞ்சு செஞ்சு தோளும் முதுகும் அந்தா அம்புட்டு விரிஞ்சு கிடக்கும். அது எந்தப் புத்திமானுக்கும் தோணல. கோட்டு வந்தது கல்யாணத்துக்கு முந்துன நாளு சாயங்காலம். போட்டுப் பாத்தா பட்டன் சேருது, கைதான் அசையல. ராத்திரியோட ராத்திரியாத் தையலப் பிரிக்க யாரு இருக்கா? "சும்மா நிக்கத்தானல, கோட்டுல என்ன கபடியா வெளையாடப் போற?"ன்னு அவுக அப்பா சொல்லிட்டாக.

மே மாசம். கோயில்ல ஃபேனு நாலு, நாலும் பேருக்குச் சுத்துது. எனக்குப் பட்டு உறுத்துது, ஆனா பொம்பளைக்குப் பழகிப்போச்சு, பக்கத்துல நிக்க ஆளப் பாத்தாதான் பாவமா இருக்கு. அன்னைக்கு வரைக்கும் நான் அவுக முகத்த நேரா பாத்ததில்ல. நான் பாத்தது கழுத்து. டை மேல காலரு, காலரு மேல சதை, சதை மேல வேர்க்குரு, ஒவ்வொண்ணாத் தெரியுது. வேர்வ காதுக்குப் பின்னாலருந்து எறங்கிக் காலருக்குள்ள போகுது, ஒண்ணு பின்னால ஒண்ணு. பாஸ்டரு வசனம் வாசிச்சுக்கிட்டே இருக்காரு. எனக்கு என்ன துணிச்சலோ, தலையத் தூக்காம, "இறுக்குதா?"ன்னு கேட்டேன். அதான் நான் அவுககிட்டப் பேசுன மொதப் பேச்சு. "உசுரு போவுது"ன்னாக. அது அவுக எங்கிட்டப் பேசுன மொதப் பேச்சு. அடக்க மாட்டாம எனக்கு முக்காட்டுக்குள்ள சிரிப்பு. அப்புறந்தான் தாலி. கையத் தூக்குதாக, தூக்குதாக, எங்கழுத்து வரைக்கும் வருது, கழுத்துக்குப் பின்னால போகல. கோட்டு புடிச்சு இழுக்கு. இன்னொரு தம் புடிச்சாக, அக்குளுல டர்ருன்னு ஒரு சத்தம், முன் வரிசை பூராவும் கேட்டுருச்சு. கை அப்படியே நின்னுட்டு. பின்னால நின்ன தங்கச்சி, செல்லக்கனி, அவ கயித்த வாங்கி மூணு முடிச்சும் போட்டுட்டா. ஊரு விடுமா? "தேவஇரக்கம் பொண்டாட்டிக்குத் தாலி கட்டுனது அவன் தங்கச்சி"ன்னு எட்வின் பள்ளிக்கூடம் போற வரைக்கும் சொன்னாங்க. மாமியா என்ன சொன்னாகன்னா, "துணியில கஞ்சம் புடிச்சிட்டாரு சம்பந்தி." எங்கப்பா காதுல விழுந்துச்சு. அந்தத் துணிக்கு அப்பா தன் சைக்கிள வித்திருந்தாக. பதினாலு வருசம் வச்சிருந்த சைக்கிளு, அதுக்கப்புறம் ரெண்டு வருசம் வாத்தியாரு வேலைக்கு மூணு மைலு நடந்து போனாக. கேட்டா, "நடந்தா சுகர் வராதுளா"ன்னாக. இது என் புருசனுக்கு ரொம்ப நாளு கழிச்சுத்தான் தெரியும், நான்தான் ஒரு சண்டையில வாய விட்டுட்டேன். அன்னையோட கோட்டப் பத்திக் குறை சொல்லுதத விட்டுட்டாக. வருசத்துக்கு ஒருக்கா அவுகளே எடுத்து வெயில்ல போட்டு, தட்டி, மடிச்சு வைப்பாக. போட மட்டும் மாட்டாக. தூரப் போடவும் விட மாட்டாக. "ஒம்ம சைக்கிளு உள்ள கிடக்கு மாமா"ன்னு பொட்டியப் பாத்துச் சொல்லுவாக. அதுவும் கேலிதான். கேலியா அது?

மூணு இருவத்தஞ்சு. அது யூனியன்காரங்க ரிட்டயர்மெண்டுக்குக் குடுத்த கடிகாரம், அஞ்சு நிமிசம் முந்தி ஓடும். அப்படின்னா மூணு இருவது. போவோமா? எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சாக் கதவு. தட்டி, "எட்வினு, வேண்டாம்யா, கழட்டுங்க"ன்னு சொல்லணும், அம்புட்டுத்தான். சொன்னா சாலமோன் அத்தான் வெளிய வருவாக, "என்னம்மா ரத்னம், சின்னப் புள்ளை மாதிரி"ம்பாக. செல்லக்கனி வந்து, "மைனிக்கு நெதானமில்ல, யாராச்சும் தண்ணி குடுங்க"ம்பா. தண்ணி குடுப்பாங்க, குடிச்சுருவேன், எனக்குத் தெரியும். அதவிட எட்வின் மூஞ்சி. காலையில அவன் இன்னொண்ணும் சொன்னான், அத நான் நெனைக்கக் கூடாதுன்னுதான் சுத்திச் சுத்தி வேற எல்லாத்தயும் நெனச்சுக்கிட்டு இருக்கேன். அவன் கல்யாணத்துக்கு அவன் சம்பாத்தியத்துல அப்பாவுக்குப் புதுக் கோட்டு எடுத்தான், கருநீலம், அளவெல்லாம் நேர்ல நின்னு குடுத்ததுதான். பொண்ணு வீட்டுக்காரங்க நாகர்கோயில்ல பெரிய இடம், மச்சினன் மாமன் எல்லாம் கோட்டோட வருவாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னான். இவுக ஆராதனை முடியுற வரைக்கும் போட்டிருந்தாக, முகத்தப் பாத்தாக் கைதி மாதிரி. முடிஞ்சதும் கழட்டிச் சேரு முதுகுல மாட்டிட்டுப் பந்தியில போயி சாம்பாரு வாளியத் தூக்கிட்டாக. போட்டோ எடுக்கக் கூப்பிட்டா, கையில சாம்பாரோட, சட்டை முழங்கை வரைக்கும் சுருட்டி விட்டு, அப்படியே வந்து ஓரத்துல நின்னாக. சம்பந்திமாரு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அந்தப் பெரிய போட்டோவ எட்வின் வீட்ல மாட்டவே இல்ல. மூணு மாசம் அப்பாகூடப் பேசல. இவுக அந்தக் கருநீலக் கோட்டயும் கல்யாணம் நிச்சயமாயிருந்த ஒரு லைன்மேன் பையனுக்குத் தூக்கிக் குடுத்துட்டாக, அது தெரிஞ்சு இன்னொரு மூணு மாசம். இன்னைக்குக் காலையில நான் வேண்டாம்னு ரெண்டாவது தடவ சொன்னப்போ, அவன் சிரிக்கல. கோட்ட நெஞ்சோட வச்சுக்கிட்டு நிக்கான். "எங்கல்யாணத்துலதான் நிக்கல. இதுலயாவது எம்பக்கத்துல கோட்டோட இருக்கட்டும்மா. ஒரு தடவ." நாப்பது நெருங்குத புள்ளை, தலையில நரை. வந்ததுலருந்து அவன் அழவே இல்ல. நான் என்ன செய்ய? செத்தவுக சொன்னதக் கேக்கவா, உசுரோட நிக்கவனப் பாக்கவா? ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான. ரெண்டுல ஒருத்தருக்குத்தான் வலிக்கும்னு மனசு சொல்லுது, அப்படிச் சொல்லுத மனசப் புடிச்சு அறையணும் போல இருக்கு.

கதவு தெறந்துச்சு. எந்திரிச்சுட்டேன். எந்திரிச்சு, சொல்லிருவோம்னு வாயத் தெறந்துட்டேன். எட்வின் வேர்வையில குளிச்சு நிக்கான். "எம்மா, கத்தரிக்கோலு எங்க இருக்கு?" எதுக்குன்னு கேட்டேன். அவன் பின்னால பெட்டிக்காரர் எட்டிப் பாத்தாரு. பாவம், நல்ல மனுசன், மெதுவாத்தான் சொன்னாரு. "கவலப்படாதீங்கம்மா. உடம்பு நீர் கோத்திருக்கு, வெறச்சும் போச்சு, கை மடங்க மாட்டேங்கு. முதுகுல காலர்லருந்து கீழ வரைக்கும் கீறி, ரெண்டு பக்கமும் கைய நொழைச்சு, பின்னால சொருகி விட்டுருவோம். எல்லாருக்கும் அப்படித்தான் செய்யுதது. முன்னால பாத்தா ஒண்ணுந் தெரியாது." எல்லாருக்குமா? எங்கப்பாவுக்குமா? மாமாவுக்கு? இத்தன வருசம் நான் பெட்டியில எட்டிப் பாத்து, கோட்டு கன கச்சிதமா இருக்குன்னு நெனச்ச ஆம்பளைய எல்லாரும் முதுகு தெறந்துதான் கிடந்தாங்களா? "எம்மா, கத்தரிக்கோலும்மா." இப்பத்தான் சொல்லணும். எனக்குத் தெரியும், இதவிட்டா நேரம் இல்ல. வாய்க்குள்ள அது நிக்கு, வியாழக்கெழம கஞ்சி மாதிரி எறங்கவும் மாட்டேங்கு, வெளிய வரவும் மாட்டேங்கு. "தையல் மிஷின் டிராயர்ல"ன்னேன். என் வாய்தான் சொல்லிச்சு. "சின்னது இல்ல, கறுப்புப் புடி போட்டது. சின்னது மொன்னை." இதயும் நான்தான் சொன்னேன், ஆண்டவரே, எது நல்லா வெட்டும்னு நானே எடுத்துக் குடுத்தேன். அவன் எடுத்துக்கிட்டுப் போனான். கதவச் சாத்திட்டான். கொஞ்ச நேரம் ஒண்ணுங் கேக்கல. அப்புறம் கேட்டுச்சு. அக்குளுல கேட்ட சத்தம் மாதிரி இல்ல, அது டர்ருன்னு போயிட்டு, இது நறுக் நறுக்குன்னு நின்னு நின்னு போகுது. கெட்டித் துணி. நல்ல துணிதான் எடுத்திருக்காக எங்கப்பா, கஞ்சம் புடிக்கல. மாமியா இருந்திருந்தா இந்தச் சத்தத்தக் கேக்கச் சொல்லியிருப்பேன். நாப்பது வருசத்துக்கு முன்னால, அந்த முந்துன நாளு சாயங்காலம், யாராவது ஒருத்தரு இப்படி ஒரு கத்தரிக்கோல எடுத்திருந்தா எம்புட்டு நல்லா இருந்திருக்கும். பின்னாலதான, யாரு பாக்கப் போறா? கையத் தூக்கித் தாலியக் கட்டியிருப்பாக.

ஹாலுல பெட்டிய வச்சுட்டாங்க. பெட்டிக்காரர் கூட்டத்த ஒதுக்கி வழி விட்டு, "வாங்கம்மா, பாத்துக்கிடுங்க"ன்னாரு. காப்பித்தூள் கலரு ஒரு சுருக்கம் இல்லாம நிக்கு. டை. கழுத்துப் பட்டன் போட்டிருக்கு. கையில வெள்ள உறை. செல்லக்கனி அலறுதா, "எங்கண்ணன் கல்யாண மாப்பிள்ளை மாதிரியில்லா போறாக!" நெசந்தான். முன்னாலருந்து பாத்தா அந்தக் கோட்டு அவுகளுக்கே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. தோளுல சரியா இறங்கி, பட்டன் கிட்ட இழுக்காம, இம்புட்டு அழகா அது என்னைக்கும் இருந்ததில்ல. எட்வின் தலமாட்டுல நிக்கான், போட்டோக்காரன் அவனக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுதான், அவன் அப்பா தோளு மேல கைய வச்சிருக்கான், இப்பத்தான் அழுதான். தேம்பித் தேம்பி, சின்னதுல முட்டி பேந்து வந்து நின்னு அழுவான்லா, அந்த மாதிரி. அழட்டும். நான் குனிஞ்சேன், முந்தானைக்குள்ளருந்த சாரத்த எப்படியாவது காலுமாட்டுல சொருகிருவோம்னுதான் குனிஞ்சேன். சாலமோன் அத்தான் பாத்துட்டாக. "அது என்னம்மா, அழுக்குத் துணி, குடு இங்க"ன்னு எங்கையிலருந்து வாங்கி, "யாராவது இதத் துவைக்கப் போடுங்கட்டி"ன்னு பின்னால குடுத்துட்டாக. நானும் விட்டுட்டேன். கை விட்டுட்டு.

வெறுங்கையா ஆயிட்டு. அத அவுக முதுகுக்கு அடியில குடுத்தேன். ஊருக்கு நான் கட்டிப் புடிச்சு அழுத மாதிரி இருந்திருக்கும். கோட்டு ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கு, சட்டையும் அப்படித்தான், நடுவுல அவுக முதுகு, வெறும் முதுகு, சாரத்தவிடச் சில்லுன்னு இருக்கு. எங்கயும் புடிக்கல. ஒரு தையலு இழுக்கல. அடேயப்பா, இனி தாராளமாக் கையத் தூக்கலாம்னு தோணுச்சு. பைத்தியக்காரிதான். ஆனா தோணுச்சே. வெள்ள உறைக்குள்ள இருந்த வலது கையப் புடிச்சு மெதுவாத் தூக்குனேன். கோட்டு விட்டுக் குடுக்கு. கை வரல. இன்னொருக்கா தூக்கிப் பாத்தேன், வரல. பெட்டிக்காரர், "அம்மா, வேண்டாம்மா"ன்னாரு. அவுக காதுகிட்டப் போனேன். அங்கன பவுடர் வாசம், பாச்சா உருண்ட வாசம், அதுக்கடியில அவுக வாசம் ஒரு துளி. மன்னிச்சிருங்கன்னு சொல்லத்தான் போனேன், அது வரல, வேற ஒண்ணுதான் வந்துச்சு.

"இறுக்குதா?"

எட்வின் மூக்கத் தொடச்சுக்கிட்டு எம்பக்கம் குனிஞ்சான். "எம்மா, என்ன சொன்னீங்க? அப்பாவுக்கு என்னமும் செய்யணுமா?"

அவன் மூஞ்சியப் பாத்தேன்.

"ஒண்ணுமில்லய்யா"ன்னேன். "மூடச் சொல்லு."